காணாமல் போன நாலு அங்குலம்

எனக்கு அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக்கும் சார்ஜென்ட் வீட்டுக்கும் நடுவே இருப்பது அரைச் செங்கல் சுவர். கட்டினவர் செங்கலில் சிக்கனம் பார்த்துவிட்டார். அங்கே ஸ்பூன் விழுந்தால் இங்கே நான் குனிகிறேன். இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சார்ஜென்டுக்கு ராணுவ முகாமின் கம்பளிக் கிடங்கில் வேலை. அதனால் தெருவில் அவருக்குப் பெயர் கம்பளி. ஒன்பது வருஷம் பனிமலை உச்சியில் ஒரு காவல் சாவடியில் கிடந்தவர். அந்த உச்சிக்கு எதிரியும் வர மாட்டான், கடிதமும் வராது. இங்கே மகள் பிறந்து, தவழ்ந்து, நடந்து, முன்பல் விழுந்து, அதுவும் முளைத்த பிறகுதான் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருக்கிற முகாமுக்கு மாற்றல் கிடைத்தது. வந்த புதிதில் மகள் அவரை அங்கிள் என்றாள். மூன்றாவது மாதம் ஒருநாள் தலை வாரிவிடும்போது வலித்து, "மெதுவாப்பா" என்றாள். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் சீப்பு கீழே விழும் சத்தம் கேட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இப்படிக் குடும்பம் ஒரு வழியாகக் கூடி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. முதுநிலை சார்ஜென்ட். அதோடு ஒரு நீளப் பெட்டியில் கௌரவ வாளும் வந்தது.

இந்த வாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிகாரிகளிடம் வாள் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் சிப்பாயாகச் சேர்ந்து, சிப்பாய்களோடு உருண்டு புரண்டு மேலே வந்த சார்ஜென்ட்களுக்கும் ஒரு வாள் தருவார்கள். நீயும் ஒரு தலைவன்தான் என்பதற்கு அது அடையாளம். வெட்டாது. வெட்டக் கூடாது என்பதற்காகவே மழுக்கித் தருகிறார்கள். எலுமிச்சம்பழம் நறுக்க டெய்லரம்மா முயன்று பார்த்ததாகக் கேள்வி. பழம்தான் நசுங்கியது.

டெய்லரம்மா என்றால் சார்ஜென்டின் மனைவி. தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். மீதிப் பாதி எனக்குத் தெரியும்.

வாளை இடுப்பில் மாட்டிப் பார்த்த அன்றைக்கே கோளாறு தெரிந்துவிட்டது. விதிப்படி, இடுப்பு வாரில் தொங்கும் உறையின் நுனி தரையிலிருந்து சரியாக நாலு அங்குலம் மேலே நிற்க வேண்டும். இவருடையது தரையைத் தொட்டது. நடந்தால் இழுபட்டது. வாளைப் பெற்றுக்கொண்டவர் முகாமுக்குப் போகும்போதும் வரும்போதும் அதை மாட்டியே இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆக, அவர் போகிற இடமெல்லாம் மண்ணில் ஒரு கோடு விழுந்தது. மகளுக்கு ஒரே குஷி. அப்பா எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாசலில் கோட்டைப் பிடித்தால் கிணற்றடி, கிணற்றடியிலிருந்து கொல்லை, கொல்லையில் அப்பா.

டெய்லரம்மா ஒரு தடவை பார்த்தார். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

"வாரை நாலு அங்குலம் சுருக்கி ஒரு தையல் போட்டா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க."

அன்றிரவே தைத்தும் விட்டார். அதோடு முடிந்துதான் போயிருக்கும். ஆனால் மறுநாளே முகாமிலிருந்து அளவுகோல் வந்துவிட்டார். அளவுகோல் என்பது அணிவகுப்பு சார்ஜென்டுக்கு ஊர் வைத்த பெயர். எந்நேரமும் கையில் ஒரு பித்தளை அளவுகோல் வைத்திருப்பார். கைகுலுக்கும்போதுகூட எதிராளி முழங்கை எத்தனை டிகிரி மடங்கியது என்று கவனிக்கிற ஆள். வாரை அளந்தார், தையலைக் கண்டார், பிளேடால் பிரித்தார். டெய்லரம்மா காரணம் கேட்டதற்கு மிகுந்த மரியாதையோடு விளக்கினார்.

"வார் இத்தனை நீளம்னு விதியில இருக்கும்மா. வாளும் இருக்கு. உங்க வீட்டுக்காரர்தான் விதியில இல்ல. அதனால எதைத் திருத்தணுமோ அதைத் திருத்துங்க."

கம்பளி நேர்மையானவர். அதுதான் அவரிடம் இருக்கிற ஒரே வியாதி. உட்கார்ந்து ஒரு மனு எழுதினார்: எனக்கு அளிக்கப்பட்ட வாள் நாலு அங்குலம் நீளம், மாற்றித் தரவும். முகாமில் அளவுகோலைத் தவிர ஏற்கனவே வாள் வைத்திருந்த ஐந்து சார்ஜென்ட்களும் அந்த மனுவைப் படித்துவிட்டு, "இதெல்லாம் எழுதுவாங்களா?" என்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் கேட்டுக்கொண்டார்களாம். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. வாள் பரிசோதிக்கப்பட்டது. ஆள் ஒரு அங்குலம் கூடினால் வாளும் ஒரு அங்குலம் கூட வேண்டும் என்ற அட்டவணைப்படி, ஐந்தடி பதினோரு அங்குல மனிதருக்கு அது மிகச் சரியான வாள். கோப்பின்படி சார்ஜென்டின் உயரம் ஐந்தடி பதினொன்று. மூன்று அதிகாரிகள் கையெழுத்திட்ட உயரம் அது. ஆனால் நேரில் அளந்தபோது சார்ஜென்ட் ஐந்தடி ஏழுதான் இருந்தார். ஆகவே வாளில் குறை இல்லை. சார்ஜென்ட் தன்னைவிட நாலு அங்குலம் குள்ளமாக இருக்கிறார். அந்த நாலு அங்குலம் எங்கே?

பணியில் இருக்கும்போது ஒரு கம்பளி தொலைந்தாலே விசாரணை உண்டு. இது உயரம். விசாரணைக் குழு அமைத்தார்கள்.

குழுவுக்குக் கர்னல் தலைமை. அவரும் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, முட்டி மோதி அதிகாரியானவர். நல்ல மனிதர். ஆனால் பூட்ஸ் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. முகாமில் நீச்சல் குளம் கட்டியபோது திறப்பு விழாவில் பூட்ஸோடு இறங்கி, ராணுவம் எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்று பேசினாராம்.

விசாரணையில் நடந்ததைச் சார்ஜென்ட் தன் மனைவியிடம் சொன்னார். சுவர் என்னிடம் சொன்னது. முழு உயரத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். காணவில்லை என்று தெரிந்ததும் ஏன் புகார் தரவில்லை, உயரத்தை வேறு யாருக்காவது பயன்படுத்தக் கொடுத்தீர்களா என்றும் கேட்டார்கள். இல்லை என்று இவர் சொன்னதை, 'மறுக்கிறார்' என்று எழுதிக்கொண்டார்கள். பனிமலைச் சாவடியில் விட்டுவிட்டு வந்திருக்கலாமோ என்ற சந்தேகத்தில் அங்கே தந்தி போனது. மூன்றாம் நாள் பதில் வந்தது: "பதினெட்டு இடங்களில் தோண்டிப் பார்த்தோம். இரண்டு மண்வெட்டிகளும் ஒரு சமையல்காரரின் மூக்குக் கண்ணாடியும் கிடைத்தன. நாலு அங்குலம் கிடைக்கவில்லை. பனி உருகியபின் மீண்டும் தேடுவோம்."

அப்போதுதான் கம்பளிக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. ஆள் சேர்ப்பு மண்டபத்தில் எடையும் உயரமும் தனித்தனியாகப் பார்க்க நேரமில்லை என்று, உயரம் அளக்கும் பலகைக்கு முன்னாலேயே எடை மேடையைப் போட்டிருந்தார்கள். அந்த மேடை மேல் ஏறி நின்றபடிதான் உயரமும் அளந்தார்கள். மேடை நாலு அங்குலம் இருக்கும்.

இதைச் சொன்னதும் குழு உறுப்பினர்களாக இருந்த இரண்டு சார்ஜென்ட்கள் கூரையைப் பார்த்தார்கள். அதே மண்டபம் முப்பது வருஷமாக இந்த முகாமுக்கு ஆள் தந்திருக்கிறது. கர்னல் கோப்பைப் பட்டென்று மூடினார். பிறகு எழுந்து நின்று பேசினார்.

"சார்ஜென்ட், இந்த எடை மேடைப் பேச்சு இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. நம்ம கூடாரம் ஒழுகும், ஜீப்பைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும், அதெல்லாம் மக்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். ஆனா வாள் வெளிய தெரியிற சாமான். உபயோகம் இருக்கிற எதுவும் இங்க சரியா இல்லங்கும்போது, உபயோகமே இல்லாத ஒண்ணாவது சரியா இருக்க வேண்டாமா? பதினஞ்சு நாள் டைம். வாள் தினப் பரேடுக்கு ஜெனரல் வர்றார். அதுக்குள்ள உங்க நாலு அங்குலத்தோட வந்து நில்லுங்க. இல்லன்னா பழைய இடம்தான். அங்க பரேடும் இல்ல, வாளும் இல்ல. எத்தனை குள்ளமா வேணும்னாலும் இருக்கலாம்."

பழைய இடம் என்றால் பனிமலை. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் சாப்பிட உட்காரவில்லை. மகள் மட்டும் கதவு நிலையில் பென்சிலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்த நிலையில் அவளை நிற்கவைத்துக் கோடு போடுவது வழக்கம். இந்த வருஷம்தான் முதல்முறையாக அப்பா கையால் கோடு விழுந்தது. பதிலுக்கு அவள் அப்பாவை நிற்கவைத்து ஒரு கோடு போட்டிருந்தாள். இப்போது அதற்கு நாலு அங்குலம் மேலே இன்னொன்று போட்டாள். கீழே 'வீட்டு அப்பா'. மேலே 'ஆபீஸ் அப்பா'.

"இவரு எப்பம்மா வருவாரு?" என்று மேல் கோட்டைக் காட்டிக் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் டெய்லரம்மாவைக் கிளப்பிவிட்டது. மறுநாள் காலையில் கணவரின் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு செருப்புக் கடைக்குப் புறப்பட்டார். எனக்கும் அன்றைக்கென்று பார்த்துச் செருப்பு வார் அறுந்துவிட்டது. லேசில் அறுகிற வார் இல்லை, கஷ்டப்பட்டுத்தான் அறுத்தேன்.

செருப்புக் கடைக்காரர் பூட்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நாலு அங்குலம் என்று டெய்லரம்மா வாயெடுக்கும் முன்பே, "நாலுதானே?" என்றார்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நாலு அங்குலத்துக்கு அச்சே ரெடியா வெச்சிருக்கேன். உங்க வீட்டுக்காரர் ஏழாவது ஆள்."

மற்ற ஆறு பேர் யார் என்று கேட்டதற்கு, தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது, தலையே போனாலும் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார். போகிறவர் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். நாங்கள் என்ன கண்ணை மூடிக்கொண்டா நிற்க முடியும்? உள்ளே கறுப்பு பூட்ஸ் ஆறு ஜோடி, ரிப்பேருக்கு வந்தவை. ஒவ்வொன்றுக்கும் அடியில் முன்னிருந்து பின்வரை ஒரே நாலு அங்குலக் கட்டை, பூட்ஸோடு பூட்ஸாகக் கறுப்புச் சாயம் அடித்து ஒட்டியிருந்தது. ஐந்து ஜோடி சார்ஜென்ட் பூட்ஸ். ஆறாவதில் கர்னலுக்கு மட்டுமே உரிய வெள்ளிக் கொக்கி.

டெய்லரம்மா என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். ஆறு பேரும் இத்தனை வருஷம் தனக்கு மட்டும்தான் இந்த அசிங்கம் என்று நினைத்துத் தனித்தனியாகப் பின்வாசல் வழியாக வந்து போயிருக்கிறார்கள். அளவுகோல் வாளை அளப்பார், வாரை அளப்பார், நுனியை அளப்பார். பூட்ஸை அளக்க விதியில் இடமில்லை. அளவுகோலுக்கு மட்டும் கட்டை தேவைப்படவில்லை. அவர் வேறு ஊரில், தரையில் நின்று அளக்கப்பட்டவர்.

"ஒண்ணே ஒண்ணு," கடைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தண்ணி மட்டும் பட விடாதீங்க. இந்தப் பசை கோபக்காரப் பசை. நனைஞ்சா விட்டுட்டுப் போயிடும்."

கம்பளிக்கு முதலில் மனசாட்சி இடித்தது. இது ஏமாற்று வேலை என்றார். டெய்லரம்மா பேண்ட்டின் கால்பகுதியில் நாலு அங்குலத் துணி சேர்த்துக்கொண்டே, "ஒன்பது வருஷம் என்னைத் தனியா விட்டுட்டுப் போனீங்களே, அது மட்டும் என்ன?" என்றார். அதன்பிறகு மனசாட்சி வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரமும் அவர் கொல்லையில் நடந்து பழகினார். முதல் நாள் துணி காயப்போடும் கொடி கழுத்தில் மாட்டியது. இரண்டாம் நாள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பரண்மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தார். மகள் மேல் கோட்டில் அவரை நிற்கவைத்து அளந்து, ஆபீஸ் அப்பா வந்துவிட்டதாகச் சான்று கொடுத்தாள். ஆனால் தூக்கிக்கொள்ளச் சொன்னால் வீட்டு அப்பாதான் வேண்டும் என்பாள். மேலிருந்து விழுந்தால் வலிக்குமாம்.

வாள் தினம் வந்தது. குடும்பத்தாருக்கு அனுமதி உண்டு. நான் அன்று ஒருநாள் மட்டும் டெய்லரம்மாவுக்கு அக்கா.

ஜெனரல் வரும்போது தூசி பறக்கக் கூடாது என்பதற்காக மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். சுகாதாரப் பிரிவு தன் கடமையாக ஒரு லாரி தெளித்தது. அது தெரியாமல் வாகனப் பிரிவு ஒரு லாரி தெளித்தது. இரண்டையும் மேற்பார்வை பார்க்கும் பிரிவு, வேலை நடந்ததா என்று உறுதி செய்துகொள்வதற்காக மூன்றாவது லாரி தெளித்தது. மைதானம் பளபளவென்று இருந்தது. டெய்லரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தவர் கடைசிவரை விடவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது.

கர்னல் முன்னால் வந்தார். பின்னால் அளவுகோலையும் சேர்த்து ஏழு சார்ஜென்ட்கள் ஒரே வரிசையில் வந்தார்கள். ஏழு உறை நுனிகளும் தரைக்கு நாலு அங்குலம் மேலே, நூல் பிடித்த மாதிரி. அளவுகோலின் முகத்தில் ஒரு தாயின் பூரிப்பு. வரிசை ஜெனரலுக்கு எதிரே வந்தது. கர்னல் முழுக் குரலில் "நில்" என்றார். எல்லாரும் வலது காலைத் தூக்கி இடியாக மிதித்தார்கள்.

அந்த மிதியில் பசைக்குக் கோபம் வந்துவிட்டது.

ஏழு பேர், கர்னலையும் சேர்த்து, ஒரே நொடியில் நாலு அங்குலம் கீழே இறங்கினார்கள். பேண்ட் துணி கணுக்காலில் சுருண்டு மண்டியது. உறை நுனிகள் ஈர மண்ணில் போய் நின்றன. பதினான்கு கறுப்புக் கட்டைகள் ஜோடி ஜோடியாகச் சேற்றில் கிடந்தன. அளவுகோல் ஒருவர் மட்டும் இறங்காமல், தென்னை மரம் மாதிரி நின்றார்.

டெய்லரம்மா கண்ணை மூடிக்கொண்டார். "ஆபீஸ் அப்பா போயிட்டாரு" என்று மகள் மட்டும் தெளிவாக அறிவித்தாள்.

ஜெனரல் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு கர்னலைக் குனிந்து பார்த்தார். சற்று முன்புவரை குனிய வேண்டியிருக்கவில்லை.

"இது என்ன பழக்கம், கர்னல்? நான் பார்த்ததே இல்லையே."

கர்னல் முப்பது வருஷ அனுபவசாலி. கண் இமைக்கவில்லை.

"தாழ்வு வணக்கம், சார். புதுசு. வெறுமனே தலையக் குனிஞ்சா பத்தாதுன்னு, மொத்த உயரத்தையே உங்க காலடியில கழட்டி வெச்சிருக்கோம்."

ஜெனரலுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் தனக்கு எத்தனையோ பேர் தலை வணங்கியிருக்கிறார்கள், முழு உடம்பையும் தாழ்த்தியவர்கள் நீங்கள்தான் என்று மைக்கில் சொன்னார். அணிவகுப்பு தொடர்ந்தது. இப்போது வாள்கள் இழுபட்டன. ஈர மண்ணில் ஏழு கோடுகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராக விழுந்தன. ஜெனரல் எழுந்து நின்று கைதட்டினார். இந்தக் கோடுகளைத் தாண்டி எந்த எதிரி வருவான் என்று கேட்டார். எதிரி வருகிற இடத்தில் பரேடு கிடையாது.

பிறகு அவர் பார்வை அளவுகோல் மேல் நின்றது. அவருக்குப் பின்னால் மண்ணில் கோடு இல்லை.

"இவர் மட்டும் ஏன் நிமிர்ந்து நிக்கிறார்?"

அளவுகோல் விறைப்பாக, "சார், நான் சரியான உயரத்துல இருக்கேன், சார்" என்றார்.

"அதைத்தான் கேக்கிறேன். எதுக்கு?"

அளவுகோல் விதிப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினார். அதில் அப்படியொரு கேள்வியே இல்லை.

மறுவாரம் உத்தரவுகள் வந்தன. வாள் உறையின் நுனி இனி தரையைத் தொட வேண்டும். நடக்கும்போது தெளிவான கோடு விழ வேண்டும். சேற்றில் கிடந்த பதினான்கு கட்டைகளும் துடைக்கப்பட்டு, முகாமின் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டன. கம்பளியின் விசாரணைக் கோப்பு ஒரே வரியில் முடிந்தது: காணாமல் போன நாலு அங்குலம் மரியாதைக்காகச் செலவிடப்பட்டதால் மேல் நடவடிக்கை தேவையில்லை. அவர் இங்கேயே இருக்கலாம். பனிமலைச் சாவடிக்கு ஆள் தேவைப்பட்டதால், உயர வேறுபாட்டால் வரிசையின் ஒழுங்கைக் கெடுத்த அணிவகுப்பு சார்ஜென்ட் அனுப்பப்படுகிறார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை அளவுகோல் டெய்லரம்மா வீட்டுக்கு வந்தார். நான் என் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கம்பளி அவருக்குக் கிடங்கில் இருந்ததிலேயே கனமான இரண்டு கம்பளிகளை எடுத்துவைத்திருந்தார். அந்த ஊர்க் குளிர் அவருக்குத் தெரியும். எந்த ஜன்னல் சரியாகச் சாத்தாது, எந்த மாதம் தண்ணீர்க் குழாய் உறையும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அளவுகோல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் இடுப்பு வாரைக் கழற்றி, டெய்லரம்மாவிடம் நீட்டினார்.

"இதை ஒரு நாலு அங்குலம் நீட்டித் தர முடியுமாம்மா? என் வாள் தரையத் தொட மாட்டேங்குது."

டெய்லரம்மா தையல் மெஷினை நிறுத்தினார்.

"வார் நீளம் விதியில இருக்குமேங்க?"

"இருக்கு," என்றார் அளவுகோல். குரல் இறங்கியிருந்தது. "நீங்க தைங்கம்மா. அளக்கிற ஆள் நான்தானே. நான் அளக்கல."

மெஷின் ஓடியது. காசு வாங்க மறுத்துவிட்டார் டெய்லரம்மா. அளவுகோல் புது வாரை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். லேசாகத்தான் கோடு விழுந்தது. ஆனாலும் அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, விழுகிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அந்தப் பனியில் எத்தனை நேரம் நிற்குமோ, தெரியவில்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் தெருவில் வாள் இழுபடும் சத்தம் கேட்கும். முகாம் வாசலில் தொடங்கும் கோடு கடைத்தெருவைத் தாண்டி, செருப்புக் கடை முன்னால் கொஞ்சம் வளைந்து, எங்கள் தெருவுக்குள் திரும்புகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் அதன் மேலேயே ஓடிவருகிறாள். அடுத்த வீட்டு வாசலை உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்தக் கோடு என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. தினமும் அவர்கள் வீட்டு வாசற்படியில்தான் முடிகிறது. அதற்கு மேல் அது எங்கேயும் போகவில்லை என்பதை நான் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.